கெயின்ஸின் முதலீடும் தத்துவப் படிப்பும்

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் நிதிப் பொறுப்பை 1924 முதல் 1946இல் மறையும்வரை வகித்தவர் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெயின்ஸ். அவர் பட்டம் பெற்றது கணிதத்தில். ஆனாலும் ஜி. இ. மூரின் தத்துவமும், எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடிய புளூம்ஸ்பெரி நட்பு வட்டமுமே அவருடைய சிந்தனையை வளர்த்தன. கல்லூரிகள் நிலத்தையும் கடன்பத்திரங்களையும் நம்பியிருந்த காலத்தில், கல்லூரிப் பணத்தின் கணிசமான பகுதியை அவர் துணிந்து பங்குகளில் போட்டார்.

தொடக்கத்தில் பொருளாதார ஏற்ற இறக்கங்களை முன்கூட்டியே கணித்து வாங்கவும் விற்கவும் முயன்றார். அது பலிக்கவில்லை; 1929 பங்குச் சந்தைச் சரிவையும் அவர் எதிர்பார்க்கவில்லை. 1930களில் வழியை மாற்றினார். தமக்கு நன்கு தெரிந்த, நிர்வாகத்தை நம்பக்கூடிய சில நிறுவனங்களின் பங்குகளை மட்டும் வாங்கி, விலை விழுந்தபோதும் கைவிடாமல் வைத்திருந்தார். அதன்பின் கல்லூரி நிதி பிரிட்டிஷ் சந்தையை விஞ்சி வளர்ந்தது.

இந்தப் புதிய வழிக்குப் பொருந்தும் கருத்து, 1921இல் வெளியான அவருடைய நிகழ்தகவு பற்றிய தத்துவ நூலிலேயே இருக்கிறது. எல்லா நிகழ்தகவுகளையும் எண்ணால் அளந்துவிட முடியாது என்கிறது அந்நூல். ஒன்று நடக்குமா என்பது ஒரு கேள்வி. அதைச் சொல்ல எவ்வளவு சான்று கையில் உள்ளது என்பது வேறு கேள்வி. லாபக் கணிப்பு ஒரே அளவாக இருந்தாலும், ஆழமாக அறிந்த நிறுவனமும் அரைகுறையாக அறிந்த நிறுவனமும் முதலீட்டாளருக்குச் சமமல்ல. சான்றை எடைபோடும் இந்தப் பழக்கத்தை வரலாற்று மாணவரும் மூலஆவணங்களை ஒப்பிட்டுப் பார்த்தே பெறுகிறார். முதலீட்டுக்குத் தத்துவம், வரலாறு போன்ற கலைப்புலக் கல்வி தரும் கொடைகளில் இதுவே தலையானது.

அடுத்தது மனித மனத்தைப் பற்றிய அறிவு. பத்திரிகையின் அழகிப் போட்டியில், பரிசை விரும்பும் வாசகர் தமக்குப் பிடித்த முகத்தை விட்டுவிட்டு, பிறர் தேர்ந்தெடுக்கக்கூடிய முகத்தையே தேடுவார். பங்குச் சந்தையும் அவ்வாறே இயங்குகிறது என்று 1936இல் கெயின்ஸ் எழுதினார். நியூட்டனைப் போன்ற கணித மேதையே 1720இல் தென்கடல் நிறுவனப் பங்குகளில் பெரும் பணத்தை இழந்தார். கூட்டத்தின் ஆசையை எந்தச் சூத்திரமும் அவருக்குக் காட்டவில்லை.

தத்துவம் மட்டும் போதாது என்பதும் உண்மை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவ ஆய்வு மாணவராக இருந்த பில் மில்லரின் நிதியம், 1991 முதல் 2005 வரை 15 ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டை முந்தியது. 2008 நெருக்கடியில் அதுவே கடுமையாக வீழ்ந்தது. இருந்தும் 2018இல் அவர் அப்பல்கலைக்கழகத் தத்துவத் துறைக்கு 7.5 கோடி டாலர் வழங்கினார்.