பள்ளி இறுதியாண்டில் நிகழ்தகவு

நாணயத்தைச் சுண்டினால் தலை விழுமா, பூ விழுமா என்னும் வினாவோடு தொடங்கும் நிகழ்தகவுப் பாடம், பன்னிரண்டாம் வகுப்பில் நிபந்தனை நிகழ்தகவு, பேயீசின் தேற்றம் என வளர்ந்து நிற்கிறது. இந்த அவையிலுள்ள மாணவர்களுக்கு அது தேர்வுக்குரிய பாடம். அலுவலர்களுக்கோ நாள்தோறும் மேசைக்கு வரும் அறிக்கைகளின் அடித்தளம். இரண்டும் ஒன்றே என்பதைப் பாடத்திட்டம் போதிய அளவு உணர்த்தவில்லை.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் கணிதப் பாடத்தில் திட்ட விலக்கம் முதலிய புள்ளியியல் பகுதிகள் பதினொன்றாம் வகுப்பில் அமைகின்றன. நிகழ்தகவின் மேற்பகுதி அடுத்த ஆண்டில் வருகிறது. இவ்விரண்டையும் இணைத்து வந்தது ஈருறுப்புப் பரவல். 2022ஆம் ஆண்டில் பாடச்சுமை குறைக்கப்பட்டபோது அது கணிதப் பாடத்திலிருந்து நீக்கப்பட்டது. சுமை குறைய வேண்டியதுதான். ஆனால் இறக்கி வைத்தது சுமையையா, பாலத்தையா?

ஒரு மாவட்டத்தில் பாதிக் குடும்பங்களுக்குக் குடிநீர்க் குழாய் இணைப்பு உண்டு எனக் கொள்க. சமவாய்ப்பு முறையில் 400 குடும்பங்களைத் தேர்ந்து கேட்டால், கிடைக்கும் விழுக்காட்டின் திட்டப்பிழை 2.5 ஆகும். அதாவது, இவ்வாறு மீண்டும் மீண்டும் மாதிரி எடுப்பின், ஏறத்தாழ நூற்றுக்கு 95 முறை விடை 45க்கும் 55க்கும் இடையில் அமையும். பிழையைப் பாதியாக்க 800 குடும்பங்கள் போதா, 1,600 வேண்டும். மாவட்டத்தில் இரண்டு இலட்சம் குடும்பங்கள் இருப்பினும் இருபது இலட்சம் இருப்பினும் இக்கணக்கு அநேகமாக மாறுவதில்லை. நாணயத்தைப் பலமுறை சுண்டும் அதே கணக்குத்தான் இது.

1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பேராசிரியர் மகலனோபிஸ், வங்கத்துச் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரி ஆய்வினால் மதிப்பிட்டுக் காட்டினார். அந்த அனுபவத்தின் துணையுடன் 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. இம்முறையின் உயிர் சமவாய்ப்பில் உள்ளது. தேர்ந்த வீடு பூட்டியிருந்தால் தம் விருப்பப்படி அடுத்த வீட்டில் விசாரிக்கும் களப்பணியாளர், பகலில் வேலைக்குச் செல்வோரைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறார். பயிர் அறுவடைச் சோதனையில், குறித்த இடத்தை விட்டுச் செழித்த பகுதியை அறுப்பதும் அத்தகையதே. எத்தனை ஆயிரம் படிவங்கள் சேர்ந்தாலும் இப்பிழை குறையாது.

எஞ்சியுள்ள பேயீசின் தேற்றமும் எளியதன்று. 10,000 பேரில் 100 பேருக்கு நோய் உண்டு. நோயாளிகளில் 95 விழுக்காட்டினரைச் சோதனை கண்டுபிடிக்கிறது. நோயற்றவரில் 5 விழுக்காட்டினரையும் நோயாளி எனக் காட்டுகிறது என்க. அப்போது நோய் உண்டென அறிவிக்கப்படுவோர் 590 பேர். உண்மையில் நோயுற்றோர் அவர்களுள் 95 பேரே. ஆறில் ஒரு பங்கும் இல்லை! சூத்திரத்தை மனப்பாடம் செய்தவருள் பலருக்கு இவ்விடை வியப்பளிக்கும்.

வாரியத்தின் பயன்பாட்டுக் கணிதப் பாடத்தில் பரவல்களும் மாதிரிக் கோட்பாடும் இடம்பெறுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கணிதத்தை எடுப்போர் அதனையும் சேர்த்து எடுக்க இயலாது. பொறியியலுக்கும் அறிவியலுக்கும் செல்வோர் பெரும்பாலும் கணிதத்தையே எடுக்கின்றனர்.

ஆசிரியர் நினைத்தால் ஒரு பாடவேளையில் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யலாம். வகுப்பில் 50 மாணவரின் உயரங்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, ஒவ்வொருவரும் பத்துச் சீட்டுகளை எடுத்துச் சராசரி காணட்டும். எடுத்த சீட்டுகளை மீண்டும் போட்டுவிட வேண்டும். அச்சராசரிகளைக் கரும்பலகையில் குறித்தால், அவை வகுப்பின் சராசரியைச் சுற்றிக் குவிவது கண்ணெதிரே தெரியும். பிறகு முதல் வரிசையினரை மட்டும் அளந்து பார்க்கட்டும்.