இடமில்லை என்ற கடிதத்திற்குப் பின்



நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் மொழியின் பெருமையையும் இலக்கியத்தின் சிறப்பையும் பேசுவதே நம் வழக்கம். ஆயினும், எனக்கு அளிக்கப்பட்ட இந்தச் சிறு பொழுதை, லண்டனில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் மனத்தில் ஓயாத கவலையாய்க் குடிகொண்டிருக்கும் ஒரு விஷயத்திற்கே செலவிட விரும்புகிறேன். கல்வியாண்டின் நடுவே வீடு மாறி வந்த ஒரு குடும்பம், அருகிலுள்ள நல்லதோர் இடைநிலைப் பள்ளியில் தன் பிள்ளைக்கு இடம் கேட்டு, வகுப்பு நிரம்பிவிட்டது என்ற பதிலைப் பெறுமானால், அதன் பின் செய்யத்தக்கது யாது என்பதே அந்த விஷயம்.

இக்கஷ்டம் நம்மவர்க்கு அடிக்கடி நேர்வதற்குக் காரணம் உண்டு. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து இந்நகருக்கு வந்த நம் மக்கள் ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் வேரூன்றினார்கள். பின்னாளில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் நோர்வேயிலும் சில காலம் வாழ்ந்த குடும்பங்களும் உறவை நாடியும் ஆங்கிலக் கல்வியை நாடியும் இங்கே வந்து சேர்ந்தன. வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரர் வீட்டை விற்கும் மாதத்தில் பெயர வேண்டியவரே அன்றிப் பள்ளி விடுமுறையைப் பார்த்துப் பெயரக்கூடியவர் அல்லர். இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பில் சேர்வோருக்கு அக்டோபர் 31 விண்ணப்பிக்கும் கடைசி நாள் என்றும், மார்ச் 1 இடம் அறிவிக்கும் நாள் என்றும் இந்நாட்டில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஜனவரியிலோ மே மாதத்திலோ எட்டாம் வகுப்புக்கோ பத்தாம் வகுப்புக்கோ இடம் தேடி வருகிற பிள்ளை அவ்வொழுங்குக்கு வெளியே நிற்கிறது. இப்படி ஆண்டு நடுவே கொடுக்கும் விண்ணப்பத்தைக் கவுன்சில்காரர் 'இன்-இயர்' விண்ணப்பம் என்பார்கள்.

இங்கே நம் பெற்றோர் முதலில் இழப்பது எது என்று கருதுகிறீர்கள்? பள்ளி அலுவலகத்திற்குத் தொலைபேசியில் பேசி, அங்கிருப்பவர் மரியாதையோடு இடமில்லை என்று சொன்ன அக்கணமே, ஆசிரியர் வாக்கைத் தெய்வ வாக்காக மதித்துப் பழகிய நம் இயல்பினால், நன்றி கூறித் தொலைபேசியை வைத்துவிடுகிறோம். விண்ணப்பத்தாளை நிரப்புவதே இல்லை. விண்ணப்பம் இல்லையேல் எழுத்து மூலமான மறுப்பு இல்லை. மறுப்பு இல்லையேல் மேன்முறையீடு இல்லை. இங்கிலாந்துப் பள்ளிகளின் சேர்க்கை விதித்தொகுப்போ, எந்தப் பெற்றோரும் எந்தப் பள்ளிக்கும் ஆண்டின் எந்த நாளிலும் விண்ணப்பிக்கலாம் என்கிறது. விண்ணப்பம் கிடைத்த 15 பள்ளி நாட்களுக்குள் முடிவை எழுத்தில் அறிவித்தாக வேண்டும் என்றும், மறுப்பதாயின் காரணத்தையும் முறையிடும் உரிமையையும் அக்கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. ஆகவே, நிரம்பிய பள்ளிக்கும் விண்ணப்பியுங்கள். கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

இவ்வுரிமை ஒருவர் மனமிரங்கி அளித்த சலுகை அன்று. பெற்றோர் விருப்பத்திற்கு இசையப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்க வேண்டும் என்ற பொதுக் கொள்கையை 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வகுத்தது; அவ்விருப்பத்தைத் தெரிவிக்கவும், அது மறுக்கப்பட்டால் தனியானதொரு குழுவின் முன் முறையிடவும் 1980ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது; 1998ஆம் ஆண்டுச் சட்டம் இன்று அதனைத் தாங்கி நிற்கிறது. நாம் பிறந்த நாடுகளில், பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதமும், கட்டட நிதிக்கென்று கொடுக்கும் நன்கொடையும் பள்ளிக் கதவைத் திறக்கக் கண்டவர்கள் நம்மிடையே உண்டு. இங்கே சேர்க்கையை முன்னிட்டு நன்கொடை கேட்பதும், பெற்றோரையோ பிள்ளையையோ நேர்முகம் காண்பதும் பொதுவாகவே தடுக்கப்பட்டவை. கோயில் குருக்களின் நற்சான்றும், குடும்பத்தின் கௌரவத்தை வர்ணிக்கும் கடிதமும் விசாரணைக் குழுவின் முன் எடைபெறா. அன்பினால் எழுதித்தரும் பெரியோரை நான் குறை சொல்லவில்லை. அவர்களுடைய அன்பு வேறொரு வகையில் பிரயோஜனப்பட வேண்டும் என்றே சொல்ல வருகிறேன்.

இனி, மறுப்புக் கடிதத்தில் எழுதியிருப்பதைச் சற்று நிதானமாக வாசிப்போம். ஒவ்வொரு பள்ளியும், பிள்ளைகளைப் புதிதாய்ச் சேர்க்கும் வகுப்பிற்கு இத்தனை பேர் என்று ஓர் எண்ணை முன்கூட்டியே அறிவிக்கிறது. எண் பூர்த்தியாகிவிட்டது, எனவே இடமில்லை என்று கடிதம் சொல்லும். அவ்வளவில் விஷயம் முடிந்துவிட்டதென்று நாமும் எண்ணிவிடுகிறோம். ஆனால் அந்த எண் சேர்க்கை வகுப்புக்கே உரியது; எட்டாம் வகுப்பையோ பத்தாம் வகுப்பையோ அவ்வெண்ணை மட்டும் காட்டிப் பூட்டிவிட இயலாது. இன்னும் ஒரு பிள்ளையைச் சேர்த்தால் திறம்படக் கல்வியளிப்பதற்கோ பள்ளியின் வளங்களை முறையாகப் பயன்படுத்துவதற்கோ பாதகம் உண்டாகும் என்பதைப் பள்ளியே நிரூபிக்க வேண்டும். ஆரம்பப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்ற வரம்பு சட்டத்திலேயே இருக்கிறது. இடைநிலைப் பள்ளிக்கு அத்தகைய வரம்பு கிடையாது. ஆகையால், நிரூபிக்கும் பாரம் முதலில் பள்ளியின் தோளில் இருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

விசாரிக்கும் குழுவில் மூவராவது இருப்பார்கள். கல்வித்துறையில் அனுபவமோ அப்பகுதிக் கல்வி நிலையைப் பற்றிய அறிவோ உள்ளவர் ஒருவரேனும், பள்ளி நிர்வாகத்திலும் கற்பித்தலிலும் ஈடுபட்டிராத பொதுமனிதர் ஒருவரேனும் அதில் இருந்தே தீர வேண்டும். அவர்கள் பள்ளியின் ஊழியரும் அல்லர். கவுன்சிலின் கைப்பாவைகளும் அல்லர். முதற்கட்டத்தில், சேர்க்கை விதிகள் சட்டத்திற்கு இணங்க அமைந்து சரிவரப் பின்பற்றப்பட்டனவா, பள்ளி சொல்லும் பாதகம் மெய்யானதா என்று பார்ப்பார்கள். இக்கட்டத்தில் வினா எழுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. இவ்வகுப்பில் இப்போது எத்தனை பேர் படிக்கிறார்கள், சென்ற ஆண்டுகளில் எண்ணை மீறிச் சேர்த்தது உண்டா, அப்போது என்ன தீங்கு நேர்ந்தது, ஆய்வுகூடத்தில் எத்தனை இருக்கைகள் என்றெல்லாம் பணிவோடும் அச்சமின்றியும் கேட்கலாம். விசாரணைக்கு முன்னரே இவ்விவரங்களை எழுதிக் கேட்டுப் பெறவும் வழியுண்டு. நம்மவர் பெரும்பாலும் இக்கட்டத்தில் வாய் திறப்பதே இல்லை. அது நம் சங்கோசம். பள்ளியைக் கேள்வி கேட்பது அவமரியாதை என்று நினைக்கிறோம். அவமரியாதை அன்று, குழுவினர் அதனை எதிர்பார்த்தே அமர்ந்திருக்கிறார்கள்.

பாதகம் உண்டென்று குழு ஒப்புக்கொண்டாலும் வழக்கு தோற்றுவிடவில்லை. இரண்டாம் கட்டத்தில் ஒரு துலாக்கோல் தூக்கப்படுகிறது: ஒரு தட்டில் பள்ளிக்கு நேரும் பாதகம், மறுதட்டில் உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்காமையால் நேரும் பாதகம். இந்த மறுதட்டில் நாம் எதை வைக்கிறோம் என்பதே என் பேச்சின் சாரம். பிள்ளை கெட்டிக்காரன், எல்லாப் பாடத்திலும் முதல்வன், இந்தப் பள்ளி பேர்பெற்றது, கவுன்சில் கொடுத்த பள்ளியின் தரம் குறைவு என்று பக்கம் பக்கமாய் எழுதி வைக்கிறோம். கெட்டிக்காரப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் கெட்டிக்காரனாய் இருப்பான் என்று குழு எளிதாகச் சொல்லிவிடும். வேறொரு பள்ளியை இழித்துரைத்தலோ, அங்கே தம் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரையும் சேர்த்து இழித்துரைப்பதாகும். குழு கேட்பது வேறு: இந்தப் பிள்ளைக்கு, வேறு பள்ளிகள் தர முடியாத எதனை இந்தப் பள்ளி தரமுடியும்?

ஓர் உதாரணத்தைக் கொண்டு பார்ப்போம். பத்தாம் வகுப்பின் நடுவே ஒரு பெண்பிள்ளை, தாயோடும் நோயாளியான பாட்டியோடும் லூட்டனிலிருந்து ஹாரோவுக்கு வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிசிஎஸ்இ என்னும் பொதுத்தேர்வுக்கான இரண்டாண்டுப் பாடத்தில் ஒரு பகுதியைப் படித்துவிட்டாள். தேர்வு நடத்தும் வாரியங்கள் பல. ஒரே பாடத்திற்கும் பள்ளிக்குப் பள்ளி பகுதிகள் மாறும். ஒரு பள்ளியில் 'மேக்பெத்' நாடகத்தைப் படிக்க, மற்றொன்றில் 'ரோமியோ ஜூலியட்' படிப்பார்கள். ஒரு பள்ளியில் வரலாற்று மாணவர் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தைக் கற்க, வேறொன்றில் நார்மன் படையெடுப்பைக் கற்பார்கள். இப்பெண் தேர்ந்தெடுத்த பாடங்களையும், அதே வாரியத்தின் பாடத்திட்டத்தையும் பின்பற்றும் பள்ளி அவ்வட்டாரத்தில் இதுவொன்றே என்று பழைய பள்ளியின் கடிதத்தோடும் இரண்டு பாடத்திட்டங்களின் ஒப்பீட்டோடும் காட்டினால், துலாக்கோலின் தட்டில் அது கனமாய் இறங்கும். தாய் இரவுப் பணிக்குச் செல்கிறவர், பாட்டியின் மருந்துவேளையைக் கவனிப்பது இப்பெண்ணே, தொலைவிலுள்ள பள்ளிக்கு இரண்டு பேருந்து மாறிச் சென்றால் அவள் குறித்த நேரத்தில் வீடு திரும்ப இயலாது என்பதற்கு மருத்துவரின் கடிதமும் பணியிடத்தின் கடிதமும் இருந்தால், அதுவும் கனமே. சான்றில்லாத கஷ்டம் எத்தனை உண்மையாயினும் இலேசாகவே நிற்கும். நம் பெண்கள் தம் வீட்டுக் கஷ்டத்தைப் பிறரிடம் சொல்ல நாணுவார்கள். அந்த நாணத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், குழுவுக்குச் சொல்லாத கஷ்டத்தைக் குழு எண்ணிப்பார்க்க முடியாது.

இன்னும் சில விஷயங்களைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். மறுப்பு அறிவிக்கப்பட்ட பின் மேன்முறையீட்டுக்கு 20 பள்ளி நாட்களாவது தரப்படும். கடைசி நாள் கடிதத்திலேயே இருக்கும். ஆண்டு நடுவிலான முறையீடுகள் பதிவான 30 பள்ளி நாட்களுக்குள் விசாரிக்கப்பட வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தால் வரிசைப்படி நம் முறை வந்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். புதிதாய் ஒரு பிள்ளை சேரும்போதெல்லாம், வந்த நாளைக் கருதாமல், பள்ளியின் முன்னுரிமை விதிகளின்படி அப்பட்டியல் திரும்பவும் அடுக்கப்படுகிறது. பள்ளிக்கு அருகில் வசிப்பவர் நேற்று வந்தாலும் நம்மை முந்தக்கூடும். கவுன்சில் காட்டிய வேறு பள்ளியை ஏற்றுக்கொண்டு பிள்ளையை அங்கே அனுப்புவதால் முறையீட்டுக்குக் கேடு வாராது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கே கேடு. நான்கு வாரங்களுக்கு மேல் பள்ளியின்றி, நியாயமான தூரத்தில் எங்கும் இடமும் இல்லாத பிள்ளைக்கும், அடைக்கலம் கோரி வந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் இடம் தேடித்தர ஒவ்வொரு கவுன்சிலிலும் 'ஃபேர் அக்சஸ்' என்னும் தனி ஏற்பாடு உண்டு. அதனைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்து இடம் பெற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பொய்யான தகவலால் பெற்ற இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள அதிகாரம் உண்டு. அப்போது நண்பர்களைப் பிரிந்து வெளியேறுவது பிள்ளையே.

மனத்தை மிகவும் வருத்தும் விஷயத்தைக் கடைசியாக வைத்தேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையை விசாரணைக்கு அழைத்துச் சென்று, தாயின் நோயையும் தந்தையின் வேலையிழப்பையும் அந்தப் பிள்ளையின் வாயாலேயே ஆங்கிலத்தில் சொல்ல வைக்கும் நிலை நம் சமூகத்தில் நிலவுகிறது. வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் வேறெவரும் இல்லாமையால் நேர்வது அது. அந்தப் பெற்றோரை எவ்வாறு நோவது? ஆயினும், தனக்கு இடம் வேண்டித் தானே தன் குடும்பத்தின் துயரத்தை அந்நியர் மூவர் முன் மொழிபெயர்த்த பிள்ளை, இடம் கிடைக்காதபோது தன் சொல் போதவில்லை என்றே எண்ணும். இது நாம் அனுமதிக்கத்தக்க காரியம் அன்று. நண்பர் ஒருவரையோ ஆலோசகர் ஒருவரையோ மொழிபெயர்ப்பாளரையோ உடன் வைத்துக்கொள்ள விதிகள் இடந்தருகின்றன. விசாரணைகள் காணொளி வாயிலாகவும் நடப்பதுண்டு. ஆதலால் துணைக்கு வருபவர் ஒரு முழுநாள் விடுப்பு எடுக்க வேண்டிய அவசியமும் எப்போதும் நேராது.

இச்சங்கத்திடம் நான் கேட்பது இதுவே. நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடக்கும் கட்டடத்தில், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் இரண்டு மணி நேரம் பெற்றோர் வாசலில் காத்திருக்கிறார்கள். அவ்வேளையில் ஒரு மேசையைப் போட்டு, கடிதங்களை வாசித்து விளக்கவும், விண்ணப்பத்தாளை நிரப்பவும், விசாரணையில் உடன் அமரவும் ஆள் இருக்க வேண்டும். இங்கே பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சட்டம் பயின்ற இளைஞர்கள், கவுன்சில் அலுவலகங்களில் வேலை செய்வோர், இரண்டு மொழியிலும் தெளிவாகப் பேசக்கூடிய தாய்மார்கள் ஆகியோர் இந்த மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையையாவது கொடுக்கக்கூடியவர்கள், விருந்துக்குச் செல்லுமுன் செயலாளர் அவர்களிடம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் மறுக்கப்பட்ட கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் பெற்றோர் எவரேனும் இங்கிருந்தால், அவர்களும் செயலாளரிடம் வரலாம், இன்றே தொடங்கிவிடுவோம்.