ஊசி முனையில் சிக்கனம்

(நமது ஜமாஅத்தின் இலவச நீரிழிவு மருத்துவ முகாமையொட்டி மதரஸா மண்டபத்தில் ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நீரிழிவு நோய்க்கான உணவு, நடைப்பயிற்சி, மாத்திரை ஆகியவை குறித்து எனக்கு முன் பேசியவர்கள் விரிவாகவே எடுத்துரைத்துவிட்டனர். எனக்குக் கிடைத்த பொருளோ மிகச் சிறியது. 4 மில்லிமீட்டர் நீளமே உடையது. இன்சுலின் பேனாவில் பொருத்தும் ஊசியைத்தான் குறிப்பிடுகிறேன். விரலில் குத்தி இரத்தத் துளி எடுக்கும் லான்செட்டையும் அதனோடு சேர்த்துக்கொள்கிறேன். இவ்விரண்டும் ஒருமுறை பயன்படுத்தியதும் அகற்றப்பட வேண்டியவை என்பதே அவற்றைத் தயாரிப்போர் கூறும் விதியாகும். அவ்விதியை அறிந்திருந்தும் ஓர் ஊசியைப் பத்து நாள், பதினைந்து நாள் வைத்துக்கொள்வோர் நம்மிடையே உண்டு.

அவர்களைக் குறைகூற நான் இங்கு வரவில்லை. கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு இருமுறை இன்சுலின் போடுபவருக்கு ஆண்டுக்கு 730 ஊசிகள் வேண்டும். நான்கு முறை போடுபவருக்கு 1,460. ஓர் ஊசி பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் முன்னவருக்கு 7,300 ரூபாய், பின்னவருக்கு 14,600 ரூபாய். மருந்து, சோதனைப் பட்டை, மருத்துவர் கட்டணம் ஆகியவை இதில் சேரவில்லை. இந்தச் சுமையில் எங்கேனும் கைவைக்க வேண்டுமெனில், பார்வைக்குப் புதிதாகவே தோன்றும் ஊசியில் ஒருவர் கைவைப்பது வியப்பன்று.

“அக்காலத்தில் ஒரே ஊசியைக் கொதிக்கவைத்து ஆண்டுக்கணக்கில் போடவில்லையா?” என்று முதியோர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் லியனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் செலுத்தப்பட்ட காலந்தொட்டுப் பல பத்தாண்டுகள், கண்ணாடி சிரிஞ்சும் தடித்த எஃகு ஊசியுமே புழக்கத்தில் இருந்தன. அவ்வூசியைக் கொதிக்க வைக்கலாம். மழுங்கினால் கல்லில் தீட்டலாம். இன்றைய ஊசியோ ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் தடிமனே உடையது. தோலில் வழுக்கிக்கொண்டு நுழைவதற்காக அதன்மீது சிலிக்கான் பூச்சு உள்ளது. பயன்படுத்தப் பயன்படுத்த அப்பூச்சு தேய்கிறது, முனை வளைகிறது. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து வைப்பது தூய்மை என்று பலர் எண்ணுகின்றனர். அப்படித் துடைப்பதே பூச்சை விரைவில் போக்கிவிடும்.

தமது ஊசியைத் தாமே இரண்டாம் முறை போட்டுக்கொண்டால் உடனே சீழ் பிடித்துவிடும் என்று சொல்லி அச்சுறுத்துவதை நான் ஏற்பதில்லை. கிருமி பெருகுவதைத் தடுக்கும் பொருள்கள் இன்சுலினிலேயே சேர்க்கப்பட்டுள்ளன. அவ்வகைத் தொற்று அரிதாகவே ஏற்படுகிறது. தீங்கு வேறு வழியாக, ஓசையின்றி வருகிறது.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போடும்போது தோலுக்கு அடியில் கொழுப்பு திரண்டு தடிப்பாகிறது. மழுங்கிய ஊசியைத் தொடர்ந்து பயன்படுத்துவோரிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. அத்தடிப்பில் குத்தினால் வலி குறைவு. ஆகவே நோயாளி அவ்விடத்தையே விரும்பி நாடுகிறார். ஆனால் அங்கே செலுத்திய இன்சுலின் ஒருநாள் தாமதமாகவும் ஒருநாள் விரைவாகவும் இரத்தத்தில் கலக்கிறது. ஸ்பெயின் நாட்டில் இன்சுலின் போடும் 430 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூவரில் இருவருக்கு இத்தடிப்பு இருந்தது. தடிப்பு உடையவர்களில் 100க்கு 39 பேருக்குக் காரணம் புரியாமல் சர்க்கரை தாழ்ந்தது. தடிப்பு இல்லாதவர்களிலோ 100க்கு 6 பேருக்கே அவ்வாறு நேர்ந்தது. “மருந்து சரியாகப் போட்டும் சர்க்கரை ஏறி இறங்குகிறதே” என்று வருந்துவோர் முதலில் தம் வயிற்றையும் தொடையையும் தடவிப் பார்த்தல் நலம். தடிப்பைக் கண்டதும் அன்றே இடத்தை மாற்றி அதே அளவு மருந்தைப் போட்டுவிடாதீர்கள். நல்ல தோலில் மருந்து முழுவதும் வேலை செய்வதால் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரைக் கேட்ட பின்னரே மாற்றுங்கள்.

பேனாவிலேயே ஊசியைப் பொருத்தி வைப்பதும் வேண்டாம். அதன் வழியே காற்று உள்ளே போகும், மருந்து கசியும், அளவு பிசகும்.

இதுவரை கூறியவை ஒருவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் தீங்குகள். அவற்றில் கூடுதல், குறைவு என்று பேச இடமுண்டு. இனிக் கூறப்போவதில் அதற்கு இடமே இல்லை. ஒருவருக்குக் குத்திய ஊசியோ லான்செட்டோ மற்றொருவர் உடம்பில் படவே கூடாது. கணவன் மனைவியாயினும், தாய் மகளாயினும் சரியே.

நம் இல்லங்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பெரியத்தாவுக்குச் சர்க்கரை பார்க்கக் கருவியை எடுக்கிறோம். விருந்துக்கு வந்த மாமி, “எனக்கும் பார்த்துவிடு தம்பி” என்று விரலை நீட்டுகிறார். அன்போடு செய்யும் உதவி! ஹெபடைடிஸ்-பி என்னும் கல்லீரல் அழற்சிக் கிருமி, உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள்கள் உயிரோடிருந்து தொற்றக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே போதும். லான்செட்டை மாற்றினாலும், அதனைப் பொருத்திக் குத்தும் கருவியின் மூடியில் இரத்தம் ஒட்டியிருக்கலாம். அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இவ்வாறு கருவியைப் பகிர்ந்ததால் அந்நோய் பரவிய நிகழ்வுகள் பலமுறை பதிவாகியுள்ளன. குத்தும் கருவி ஒருவருக்கு ஒன்றே என்று 2010இல் அந்நாட்டுச் சுகாதார அமைப்புகள் எச்சரித்தன.

பேனாவில் ஊசியை மட்டும் மாற்றி இருவர் பயன்படுத்தலாமே எனில், அதுவும் ஆகாது. குத்தும்போது இரத்தம் பின்னோக்கி மருந்துக் குழாய்க்குள் ஏற வாய்ப்புண்டு. டெக்சஸ் மாநிலத்து இராணுவ மருத்துவமனை ஒன்றில் அவ்வாறு பேனாக்கள் பகிரப்பட்டது 2009இல் தெரியவந்து, 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை இரத்தப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் அதே 2009இல், குஜராத்தின் மொடாசா பகுதியில் சிரிஞ்சுகளை மறுபடி பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ்-பி பரவிப் பலர் உயிரிழந்தனர்.

ஆகவே இன்றைய முகாமில், குத்தியதும் முனை தானே உள்ளிழுத்துக்கொள்ளும், ஒருமுறை மட்டுமே பயன்படும் லான்செட்டுகளை வாங்கி வைத்துள்ளோம். வேறு எம்முகாமுக்குச் சென்றாலும் உங்கள் கண்முன்னே புதியதைப் பிரிக்கச் சொல்லுங்கள். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

வசதியற்றவர் என் செய்வது? பேனாவைவிடக் குப்பி மருந்தும் சிரிஞ்சும் செலவு குறைந்தவை. மருத்துவரைக் கேட்டு மாறிக்கொள்ளலாம். ஆனால் நம் நாட்டில் 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு என்னும் வேறுபாட்டை மறந்துவிடலாகாது. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் ஏறிவிடும். ஊசியை மறுபடி பயன்படுத்தாமல் தீராது என்னும் நிலையில் உள்ளவர், ஒரு நாள் ஊசியை மறுநாளைக்கு நீட்டாமலாவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நம் ஜமாஅத்தின் மருத்துவ உதவி நிதி இதுகாறும் கால் அறுவைக்கும் டயாலிசிஸுக்குமே பெரிதும் சென்றுள்ளது. ஏழைக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் ஊசிப் பெட்டி வழங்கவும் அதில் ஒரு பகுதியை ஒதுக்குமாறு நிர்வாகத்தினரை வேண்டுகிறேன். மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும்.

பயன்படுத்திய ஊசியைக் குப்பைப் பையில் எறிந்தால் அது தூய்மைப் பணியாளரின் கையில்தான் போய்க் குத்தும். வீட்டில் பயன்படுத்திய ஊசி, சிரிஞ்சுகளை வீட்டு அபாயக் கழிவு எனப் பிரித்து வைக்குமாறு 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே கூறப்பட்டது. கெட்டியான பிளாஸ்டிக் புட்டியொன்றில் போட்டுவாருங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி, நாடா ஒட்டி, மேலே ‘ஊசி’ என்று எழுதி வையுங்கள். அப்புட்டிகளைப் பெற்று மருத்துவமனைக் கழிவோடு சேர்க்க இயலுமா என்று அரசு மருத்துவமனையில் கேட்டறியச் செயலாளர் அவர்கள் இசைந்துள்ளார்.

ஊசி போடும் இடத்தில் தடிப்பு உள்ளதா என்று பார்த்துக்கொள்ள விரும்பும் பெண்களுக்காகச் செவிலியர் ஒருவர் பின்புற அறையில் காத்திருக்கிறார். ஆண்கள் என்னிடம் வரலாம். பேனாவையும் கையோடு எடுத்து வாருங்கள்.