பள்ளிக்கூடத்துக்கு வரும் வழி

(காப்பாரில் அறக்கட்டளையின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில், தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியப் பொறுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



சித்திரை பிறந்துவிட்டது. தமிழகத்தில் இதை இளவேனிற்காலம் என்பார்கள். காப்பாரில் நாம் அறிந்த காலங்கள் இரண்டுதான்: வெயில் ஒன்று, மழை ஒன்று. சில நாள்களில் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் வந்து போகும். ஆனாலும் பள்ளிக்கூடத்தைப் பொறுத்தமட்டில் நமக்கும் ஓர் இளவேனில் உண்டு. கோவிட் பெருந்தொற்றினால் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போன பள்ளித் தவணை, படிப்படியாக முன்னே வந்து, 2026ஆம் ஆண்டில் மீண்டும் ஜனவரியிலேயே தொடங்கியது. ஆகவே சித்திரை பிறக்கும் இந்த வேளையில், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் அழுகை ஓய்ந்திருக்கிறது. அம்மாவின் கையை விடாதிருந்த பிள்ளை இன்று நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டு சிற்றுண்டிச்சாலைக்கு ஓடுகிறது. அதுவே எங்கள் இளவேனில்.

பள்ளியின் நலம் எப்படி என்று உங்களில் பலர் அன்போடு விசாரித்தீர்கள். முதலில் அந்தச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

தவணை தொடங்கிய வாரத்திலேயே பொங்கல் வந்தது. திடலில் கல் அடுக்கி, விறகு மூட்டி, பிள்ளைகளே பானை ஏற்றினார்கள். அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு விறகடுப்புப் புகை புதிது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, பால் பொங்கியபோது அவர்கள் எழுப்பிய குரல் தெருமுனை வரை கேட்டது. இனி வரவிருப்பவை: மே 16ஆம் நாள் ஆசிரியர் தினம். அதையொட்டிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆசிரியர்களுக்கு விருந்து ஏற்பாடு செய்கிறது. விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்குப் பிள்ளைகள் சிலர் பயிற்சி பெறுகிறார்கள். ஆலய ஓதுவார் வந்து பண் சொல்லிக் கொடுக்கிறார். பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டுப்பணி உண்டு. மண்வெட்டியும் வாளியும் கொண்டுவருவோர் அனைவரும் வருக.

பெரியோர்களே, இவையெல்லாம் மகிழ்ச்சியான செய்திகள். ஆனால் நான் இன்று இங்கே வந்தது இவற்றைச் சொல்வதற்காக மட்டும் அன்று. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் ஒரு விண்ணப்பத்தை வைக்கவும் வந்தேன்.

மேடை கட்டிய கதை

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி மண்டபத்துக்கு நல்ல மேடை வேண்டும் என்று முனைந்து நின்றவன் நான்தான். காப்பார், மேரு, கிள்ளான் என்று அலைந்து நன்கொடை திரட்டினேன். இந்த அவையில் இருப்போரும் மனமுவந்து கொடுத்தீர்கள். மேடை எழும்பியது. கொடுத்தவர் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்தோம். திறப்பு விழாவில் எனக்கும் மாலை விழுந்தது.

மறுநாள் காலையில் ஒரு பாட்டி பள்ளிக்கு வந்தார். பேரனை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்றார். ஏன் அம்மா என்று கேட்டேன். தோட்ட வீட்டைக் காலி செய்து தொலைவில் உள்ள அடுக்குமாடிக்குப் போய்விட்டார்களாம். மகள் தொழிற்சாலையில் மாறி மாறி வரும் வேலை நேரத்தில் இருக்கிறாள். அந்தப் பக்கம் மூன்றே பிள்ளைகள் என்பதால் பள்ளிப் பேருந்து கட்டுப்படியாகாமல் நின்றுவிட்டது. பாட்டி பேரனைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு, காப்பார் சாலையின் ஓரமாக வந்துகொண்டிருந்தார். அந்தச் சாலையில் விடியற்காலையில் லோரிகள் எப்படிப் பறக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"மேடை அழகாத்தான் இருக்கு தலைவரே. பையனக் கொண்டாந்து விட ஒரு வண்டி இருந்தா நான் ஏன் இப்படி வந்து நிக்கிறேன்?" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் பதில் இல்லை. அந்தப் பிள்ளை வீட்டுக்கு அருகிலுள்ள தேசியப் பள்ளிக்குப் போனான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் நன்றாகப் படித்து முன்னேற வேண்டும். ஆயினும் தமிழ்ப்பள்ளிக்குத்தான் அனுப்புவேன் என்று உறுதியாயிருந்த ஒரு குடும்பத்தை, நாம் வழியிலேயே விட்டுவிட்டோம். அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மேடைக்குச் செலவான தொகையில், அந்த மூன்று பிள்ளைகளும் ஆறாம் ஆண்டு முடிக்கும் வரை வண்டி வைத்திருக்கலாம். மிச்சமும் இருந்திருக்கும்.

பள்ளி நின்றது, வீடுகள் நகர்ந்தன

இந்த நிலை எப்படி வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாளில் பள்ளிக்கூடம்தான் பிள்ளையைத் தேடி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று விதித்தன. லயத்துக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு கொட்டகை; அதில் ஓர் ஆசிரியர். பல இடங்களில் அது பெயருக்குத்தான் பள்ளி. அதனால்தான் 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்வெட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதோடும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். அந்தப் போராட்டத்தில் உயிர்கள் போயின. அதை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அன்றாடக் கூலியை நம்பி வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமார், அடிபட்ட நேரத்திலும் பள்ளிக்கூடத்தை மறக்கவில்லை.

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று நாடு முழுதும் எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 530. கட்டடங்கள் அன்றைவிட இன்று எவ்வளவோ மேல், ஆசிரியர்கள் பட்டதாரிகள். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் தொகை, இப்போது 80 ஆயிரத்தை ஒட்டி இறங்கியிருக்கிறது. குடும்பங்கள் சிறுத்தது ஒரு காரணம். வீடுகள் நகர்ந்தது இன்னொரு காரணம். காப்பார் வட்டாரத்தில் வலம்புரோசா, ஜாலான் அக்கோப் என்ற பெயர்களைக் கேட்டாலே முதியவர்களுக்குப் பால்மரக் காடு நினைவில் எழும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தொழிற்சாலையும் தாமானும் வந்துவிட்டன. பெயரில் மட்டும் தோட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் நாடெங்கும் உண்டு. பள்ளி நின்ற இடத்தில் நிற்கிறது. பிள்ளைகள் பத்து ஊர்களில் சிதறிக் கிடக்கிறார்கள்.

150க்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளியை, குறைந்த மாணவர் கொண்ட பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. அந்தப் பட்டியலில் ஒரு பள்ளி விழுவது ஒரே நாளில் நடப்பதில்லை. இந்த ஆண்டு மூவர், அடுத்த ஆண்டு இருவர் என்று முதலாம் ஆண்டுப் பதிவேட்டில்தான் அது தொடங்குகிறது. பள்ளியின் நாடியைப் பிடித்துப் பார்க்க விரும்புவோர், மண்டபத்தைப் பார்க்க வேண்டாம். அந்தப் பதிவேட்டைப் பாருங்கள்.

இது ஆலயத்தின் பணியா?

ஆசிரியர்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறதே, பேருந்துக்கும் அவர்களே கொடுக்கட்டுமே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிலாங்கூர் மாநில அரசு தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் பேருந்துக் கட்டண உதவி வழங்கி வந்திருப்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் உதவித்தொகை கையில் இருந்தாலும், வண்டியே வராத இடத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூன்று பிள்ளைகளுக்காக ஒரு வண்டி அந்தப் பக்கம் திரும்ப வேண்டுமானால், அந்த நட்டத்தை யாரேனும் தாங்கத்தான் வேண்டும். அங்கேதான் அறக்கட்டளைக்கு வேலை இருக்கிறது.

ஆலயமும் கல்வியும் நமக்கு என்றைக்கும் இரண்டாக இருந்ததில்லை. 1873இல் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை எழுப்பிய கே. தம்புசாமி பிள்ளை அவர்கள்தான், 1893இல் தோன்றிய விக்டோரியா கல்விக்கழகத்தின் முதல் அறங்காவலர்களிலும் ஒருவர். பிரிக்ஃபீல்ட்சில் 1904இல் தொடங்கப்பெற்ற விவேகானந்த ஆசிரமம், வழிபாட்டோடு நிற்காமல் பள்ளிகளையும் வளர்த்தது. அண்டை வீட்டையும் பார்ப்போம். அரசாங்க உதவி இல்லாமல் சீன சமூகம் தன் பொருளால் தாங்கி நிற்கும் சுயேச்சை இடைநிலைப்பள்ளிகள் கிள்ளானில் மட்டும் நான்கு. ஒரு பள்ளியைச் சமூகமே தோளில் சுமக்கலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆசிரியர் சம்பளமும் பாடநூலும் கிடைக்கும் நமக்கு, பிள்ளையைப் பள்ளி வாசலில் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு பாரமாகிவிடுமா?

என் விண்ணப்பம்

பெருமக்களே, மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, பேருந்து நிதி. ஒரு கொடையாளர் ஒரு பிள்ளையின் ஓராண்டு வண்டிக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். வண்டி நின்றுபோன பக்கங்களுக்கு மீண்டும் வண்டி விட, பற்றாக்குறையை நிதி ஈடுகட்ட வேண்டும். எங்கள் பள்ளியில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வண்டி எல்லாரையும் ஏற்றும்.

இரண்டாவது, வீடு வீடாகச் செல்லுதல். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்கள் எந்த அடுக்குமாடியில், எந்தத் தாமானில் இருக்கின்றன என்பதைப் பள்ளியைவிட ஆலயம் நன்கு அறியும். அர்ச்சனைக்கு வருவோரும் திருவிழாவுக்கு வருவோரும் உங்களுக்குத் தெரிந்தவர்கள். முதலாம் ஆண்டுப் பதிவு இப்போது இணையம் வழியே நடக்கிறது. அது தெரியாமல் திகைக்கும் தாய்மார்களுக்கு, வெள்ளிக்கிழமை மாலை ஆலய வளாகத்தில் ஒரு மேசை போட்டு நம் இளைஞர்கள் உதவலாம்.

மூன்றாவது, பணி ஓய்வு பெற்றவர்களுக்கு. காலையில் வண்டியில் ஏறி, பிள்ளைகளைக் கைபிடித்து இறக்கி விட ஒருவர் வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம். விடியலில் எழும் பழக்கம் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த நிதிக்குக் கல்வெட்டு கிடையாது. உதவி பெறும் பிள்ளையை மேடைக்கு அழைத்து உறையைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பதும் கிடையாது. ஏழு வயதுப் பிள்ளைக்கும் மானம் உண்டு. எவ்வளவு வந்தது, எத்தனை பிள்ளைகள் வண்டியில் வந்தார்கள், எத்தனை நாள் வண்டி வராமல் போயிற்று என்ற கணக்கு மட்டும் ஆண்டுதோறும் இந்த மலரில் வெளிவரும். குறை இருந்தால் அதுவும் வெளிவரும்.

தேர்த் திருவிழாவில் நாம் அண்ணாந்து பார்ப்பது மேலே உள்ள அலங்காரத்தை. ஆனால் தேர் நகர்வது கீழே வடம் பிடிப்பவர் கையால். நான் இதுநாள் வரை அலங்காரத்துக்கே ஓடினேன். இனி வடம் பிடிக்க எண்ணம். ஊர் கூடினால்தான் தேர் நகரும்.

அந்தப் பாட்டிக்கு இன்னொரு பேரப்பிள்ளை இருக்கிறாள். அடுத்த ஆண்டு அவள் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டும். அண்மையில் சந்தையில் பாட்டியைப் பார்த்தேன். "வண்டி வருமா தலைவரே?" என்று கேட்டார். சித்திரையில் ஆலயத்தில் கேட்டுச் சொல்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவரிடம் நான் எடுத்துச் செல்ல வேண்டிய பதில் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.