காணாக்கடியும் நம் கடமையும்

 

இவ்வெள்ளி விழா மேடையில் கல்வியையும் வேலைவாய்ப்பையும் பற்றிப் பெரியோர் பலர் பேசினர். நான் தோலில் எழும் ஒரு தடிப்பைப் பற்றிப் பேச விழைகிறேன். நான் மருத்துவன் அல்லன், ஆசிரியன். ஆயினும், ஒரு நோயைப் பற்றிய அறியாமை ஒரு பிள்ளையை வகுப்பறையின் மூலையில் தனியே உட்கார வைக்குமாயின், அதனைப் போக்குவது ஆசிரியனின் கடமையாகிறது.

காணாக்கடி என்று நாம் சொல்லும் நோயை மருத்துவர்கள் அர்ட்டிகேரியா என்பர். உடலில் ஆங்காங்கே தோல் சிவந்து தடித்துத் தாளாத அரிப்பைத் தரும். ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் வடுவின்றி மறையும். வேறோர் இடத்தில் புதிது எழும். இது 6 வாரங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட காணாக்கடி எனப்படும்.

கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்தது என்று எண்ணி நம் முன்னோர் இப்பெயரிட்டனர். உண்மையில், தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளிவிடுகின்றன. அதனால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது, தோல் தடிக்கிறது. அவ்வுயிரணுக்களைத் தூண்டுவது யாது? நாட்பட்ட நோயாளிகள் பலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே தவறி நடந்து அவற்றைத் தூண்டுகிறது. சிலருக்கோ, உடலுக்குள் தங்கியிருக்கும் தொற்று ஒன்று தூண்டுகோலாக அமையக்கூடும்.

சொத்தைப் பல்லின் வேரில் தேங்கிய சீழ், ஆறாத தொண்டை அழற்சி, கல்லீரலைத் தாக்கும் வைரசு, குடற்புழு ஆகியவற்றை மருத்துவர்கள் இவ்வகையில் கருதிப் பார்க்கின்றனர். இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியும் இவற்றுள் ஒன்று. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் இருவர் 1982இல் இக்கிருமியை வளர்த்துக் காட்டினர்; 2005இல் நோபல் பரிசு பெற்றனர். இதனை ஒழித்தபின் காணாக்கடி தணிந்தோரும் உண்டு, தணியாதோரும் உண்டு. நம் நாட்டில் வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டோரின் வயிற்றில் இக்கிருமி உள்ளது; அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குக் காணாக்கடி இல்லை. ஆகவே, கிருமி இருப்பது மட்டுமே சான்றாகாது.

குடற்புழு நமக்கு அயலான செய்தியன்று. கொக்கிப்புழுவின் இளம்புழு, மலத்தால் கெட்ட ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியே உடலினுள் நுழைகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவின் வயல்களிலும் வாழைத் தோட்டங்களிலும் வெறுங்காலுடன் உழைத்தவர்கள் யாவர் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசு 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கி வருகிறது. அதனை நம் பிள்ளைகள் தவறாது உட்கொள்ள வேண்டும்.

இனி, நான் வலியுறுத்த விரும்புவது இது. காணாக்கடியைத் தூண்டுவது தொற்றாக இருக்கலாம். ஆனால் காணாக்கடி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு மாதக்கணக்கில் தடிப்புகள் எழுந்தன. உடன் பயின்றோர் அவளோடு பெஞ்சில் அமர மறுத்தனர். தண்ணீர்க் குவளையையும் தனியாக வைத்தனர். தனிக்குவளை என்பது நம் பாட்டன்மார் அறிந்த கொடுமை. நோயின் பெயரால் அது மீண்டும் நுழைவதை நாம் ஒருபோதும் பொறுத்தல் ஆகாது. மருத்துவரின் ஒரு வரிக் குறிப்பை வகுப்பில் படித்துக் காட்டிய பின்னரே அவள் தன் இடத்திற்குத் திரும்பினாள்.

மற்றொன்று. இந்நோய் பலருக்குச் சில ஆண்டுகளில் தானாகவே அடங்கிவிடும். ஆதலால், அடங்கும் வேளையில் எதைச் செய்திருந்தோமோ அதுவே பெருமை பெறுகிறது. வேப்பிலை மந்திரித்தவரும் புகழ் பெறுகிறார். ஊசி போட்டவரும் புகழ் பெறுகிறார். மீன், முட்டை, மாட்டிறைச்சி ஆகாது என்று கூறி வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து புரதத்தைப் பறிப்பவரும் உளர். நாட்பட்ட காணாக்கடிக்கு உணவு காரணமாவது அரிது.

ஆகவே இளைஞர்களே, நோயாளியைப் புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிற்கு அழைத்துச் செல்லுங்கள். பல்வலி, தொண்டைவலி, வயிற்று எரிச்சல், உட்கொள்ளும் வலி மாத்திரைகள் ஆகிய அனைத்தையும் மறையாது கூறச் செய்யுங்கள். சில வலி மாத்திரைகள் இந்நோயை மிகுவிக்கும். தொற்று ஒன்று கண்டறியப்பட்டால் அதற்குரிய மருத்துவத்தை முழுமையாக முடியுங்கள். காணப்படாவிடில், கிருமிக்கொல்லி மருந்துகளைத் தாமே வாங்கி விழுங்க விடாதீர்கள். அரிப்பைத் தணிக்கும் மாத்திரைகளை மருத்துவர் கூறும் காலம்வரை உட்கொண்டாலே பலருக்குத் துன்பம் குறையும். உதடும் நாக்கும் வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் ஒரு நொடியும் தாழ்த்தாது 108 ஊர்தியை அழையுங்கள்.

நம் சங்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. அங்கே அவர்கள் மற்றவர்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து பயில்வதை உறுதி செய்வதும் நம் சங்கத்தின் பணியேயாகும்.