வரம்பு இருந்தால்தான் வரும்படி

(பட்டிமன்றத் தலைப்பு: உழைக்கும் குடும்பத்துக்குக் கை கொடுப்பது வேலை நேர வரம்பா? ஓவர்டைம் வருமானமா? ‘வேலை நேர வரம்பே’ அணியின் இரண்டாவது பேச்சு.)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் நம்மைக் கண்கலங்க வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். “ஓவர்டைம் காசுலதான் தங்கச்சிக்குத் தோடு வாங்கினேன், ஓவர்டைம் காசுலதான் தம்பிக்குக் காலேஜ் பீஸ் கட்டினேன். உழைக்கிறவன் உழைக்கிறான், இதுக்கு மேல வேலை செய்யாதேன்னு சொல்ல நடுவுல சட்டம் யாருங்க?”ன்னு கேட்டார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். தங்கச்சி தோட்டுக்குக் கை தட்டலேன்னா அப்புறம் வீட்டுக்குப் போக முடியுமா? (சிரிப்பு)

ஆனா அண்ணனை ஒண்ணு கேட்கிறேன். அந்தத் தோடு வாங்கின காசு ஒத்தை மணிக் காசா, இரட்டை மணிக் காசா? ஓவர்டைம்னா இரட்டிப்புச் சம்பளம். அந்த இரட்டிப்பை யார் கொடுத்தது? முதலாளி காலையில எழுந்திருச்சு, குளிச்சு, சாமி கும்பிட்டு, “பாவம்ப்பா, நம்ம பையன் ராத்திரி வரைக்கும் நிக்கிறான், இன்னியிலிருந்து ரெட்டிப்பாக் கொடுப்போம்”னு கொடுத்தாரா? கொடுத்தது சட்டம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். அதன் 51-வது பிரிவு வாரத்துக்கு 48 மணி என்று ஒரு கோடு போட்டது. 54-வது பிரிவு நாளுக்கு 9 மணி என்று இன்னொரு கோடு போட்டது. இந்த ரெண்டுல எந்தக் கோட்டைத் தாண்டினாலும் இரட்டிப்பு என்று 59-வது பிரிவு சொன்னது. கோடு இல்லேன்னா தாண்டுறது ஏது? தாண்டுறது இல்லேன்னா ஓவர்டைம் ஏது? வயல்ல வரப்பு இருக்கு. அது பயிரை வளரவிடாம மறிக்குதுன்னு எந்த விவசாயியாவது வரப்பை வெட்டி விடுவானா? தண்ணி நிக்கிறதே அதனாலதானே! (கைதட்டல்)

அந்தக் கோடு சும்மா வந்ததில்லீங்க. 1911-ஆம் வருஷத்துச் சட்டம் நெசவாலையில் ஆண்களுக்கு நாளுக்கு 12 மணி வேலையை அனுமதிச்சுது. 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கூடி முதன்முதலாக எழுதின ஒப்பந்தமே வாரம் 48 மணி என்பதுதான். ஆனா அதுல பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தனியா ஒரு வரி போட்டு 60 மணி வைத்தார்கள். மற்ற தேசத்துக்காரன் முதுகு வேற, நம்ம முதுகு வேற போலிருக்கு. 1922-ல் சட்டப்படி 60. 1934-ல் 54. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றியது 1923-ல். டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்த காலத்தில் கொண்டு வந்த திருத்தம் 1946-ல் சட்டமாகி, 54 என்பது 48 ஆச்சு.

இதுல நான் கவனிக்கச் சொல்றது ஒண்ணே ஒண்ணு. 1930-ல் ஒரு மில் தொழிலாளி வாரத்தின் 55-வது மணியில் நூல் முடிஞ்சா, அது சாதாரண மணி. 1946-க்கு அப்புறம் அதே மில்லுல, அதே தறியில, அவர் மகன் 49-வது மணியில் நூல் முடிஞ்சா அது ஓவர்டைம். நூல் மாறல, கை மாறல. கோடு நகர்ந்தது, காசு கூடிச்சு.

கணக்கு போட்டுப் பார்ப்போம். தாய்மார்கள் மனக்கணக்கில் கெட்டிக்காரங்க, என்கூடவே போடுங்க. மாசம் 15,600 ரூபாய், 26 நாள் வேலை. அப்போ நாளுக்கு 600. எட்டு மணிக்கு 600-ன்னா மணிக்கு 75. இரட்டிப்பு 150. வாரம் 48 மணி முடிச்சிட்டு, 12 மணி கூடுதலா நின்னா 1,800 ரூபாய். கோட்டை அழிச்சிட்டா அதே 12 மணிக்கு 900. ஆள் அதே ஆள், தூக்கம் கெட்டது அதே தூக்கம், பாதிப் பணம் போச்சு. அண்ணன் தங்கச்சிக்கு வாங்கின தோட்டில ஒரு காதுக்குத்தான் காசு! (சிரிப்பு, கைதட்டல்)

கற்பனையா சொல்றேன்னு நினைக்காதீங்க. 2020-ல் கொரோனா வந்தது. ஏப்ரல் 17-ஆம் தேதி குஜராத் அரசு ஓர் அறிவிக்கை போட்டது. தொழிற்சாலையில் நாளுக்கு 12 மணி வேலை வாங்கலாம். சம்பளம்? அந்த அறிவிக்கையிலேயே உதாரணம் கொடுத்திருந்தாங்க: எட்டு மணிக்கு 80 ரூபாய்னா, 12 மணிக்கு 120 ரூபாய். கணக்கு வாத்தியார் சரின்னுதான் மார்க் போடுவார். ஆனா சட்டம் கணக்கு வாத்தியார் இல்லையே! சட்டப்படி கூடுதல் நாலு மணிக்கு 80 வரணும். இவங்க கணக்குல 40 வருது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2020 அக்டோபர் 1-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அறிவிக்கை செல்லாது, அந்தக் காலத்தில் கூடுதலா வேலை செஞ்ச தொழிலாளிக்கு 59-வது பிரிவுப்படி ஓவர்டைம் கொடுத்தாகணும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

குஜராத் எதுக்கு? நம்ம திருப்பூருக்கே போவோம். பனியன் கம்பெனிப் பக்கம் போய் “எத்தனை ஷிப்ட் பாக்குறே?”ன்னு கேளுங்க. “ஒண்ணரை ஷிப்டுங்க”ம்பாங்க. காலையில எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரை. அது என்னங்க ஒண்ணரை? தோசைன்னா ஒண்ணரை சாப்பிடலாம், ஷிப்ட்ல ஏது ஒண்ணரை? பல இடத்துல ஒண்ணரை ஷிப்டுக்கு ஒண்ணரைச் சம்பளம். வாரம் முழுக்க அப்படி நின்னா சட்டப்படி அந்த அரைக்கு இரட்டிப்பு வரணும். எட்டு மணிக்கு 600, மேற்கொண்டு நாலு மணிக்கு இன்னொரு 600. அப்போ ஒண்ணரை ஷிப்டுக்கு ரெண்டு நாள் சம்பளம்! (கைதட்டல்) வாரத்துக்கு 72 மணி ஆகுதே, ஓவர்டைமையும் சேர்த்து 60-க்கு மேல் போகக் கூடாதுன்னு 1948 சட்டம் சொல்லிச்சே, அது தனிக் குத்தம். அதுக்குள்ள நான் போகல. பேச்சிலேயே ‘ஓவர்டைம்’ங்கிற வார்த்தை காணாமப் போச்சு பாருங்க. அந்த வார்த்தை போற இடத்துக்குத்தான் இரட்டிப்பும் கூடவே போகுது.

இன்னொரு வழியும் இருக்கு. வாரக் கோட்டைத் தொடாம நாள் கோட்டை மட்டும் அழிக்கிறது. நம்ம தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரல் 21-ல் ஒரு திருத்த மசோதா நிறைவேறிச்சே, நினைவிருக்கா? நாளுக்கு 12 மணி, நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு, மொத்தம் அதே 48 மணிதான் என்று சொன்னாங்க. கேட்க இனிப்பாத்தான் இருந்தது. எங்க வீட்டுக்காரர்கூட “மூணு நாள் லீவாமே”ன்னு சிரிச்சார். கணக்கைப் போட்டுக் காட்டினேன், சிரிப்பு நின்னுது. 12 மணி வீதம் நாலு நாள். நாளுக்கு 9 என்ற கோடு இருந்தா, தினம் மூணு மணி வீதம் 12 மணி ஓவர்டைம். 36 மணிக்கு 2,700, இந்த 12 மணிக்கு 1,800, ஆக 4,500 ரூபாய். நாள் கோட்டை எடுத்துட்டா 48 மணிக்கும் ஒத்தை விலை, 3,600. வாரத்துக்கு 900 ரூபாய் சத்தமில்லாமப் போகுது. விலக்கு கொடுக்கலாம்னு அந்த மசோதா அடுக்கின பிரிவுகள்ல 51 இருந்தது, 54 இருந்தது, கூடவே இரட்டிப்புச் சம்பளம் தர்ற 59-ம் இருந்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தாங்க, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தாங்க. மூணே நாள்ல அரசு அதை நிறுத்தி வைத்தது; அந்த மே தினத்திலேயே திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவிச்சார்.

எதிரணித் தலைவர் ஒண்ணு சொன்னார், அதை நான் மறுக்க மாட்டேன். “அடிப்படைச் சம்பளம் பத்தலம்மா, அதனாலதான் ஓவர்டைமுக்கு ஓடுறோம்.” நூத்துக்கு நூறு உண்மை. ஆனா ஏன் பத்தல? எங்க தெருவுல லேத் பட்டறையில வேலை பார்க்கிற ஒருத்தர் இருக்கார். எட்டு வருஷமா மாசா மாசம் ஓவர்டைம். வீட்டு வாடகையும் சீட்டுப் பணமும் ஓவர்டைமை நம்பி. சம்பளம் கூட்டிக் கொடுங்கன்னு கேட்டா சூப்பர்வைசர் என்ன சொல்வார் தெரியுமா? “உனக்கென்னப்பா, ஓவர்டைம் போட்டுத் தர்றேன்ல!” ஒருநாள் ஆர்டர் குறைஞ்சுது, ஓவர்டைம் நின்னுது. சீட்டுக்காரர் நிற்பாரா? அந்த அம்மா எங்க வீட்டுக்கு வந்து, “அக்கா, இந்த மாசம் எப்படின்னு தெரியல”ன்னு திண்ணையில உட்கார்ந்து அழுதாங்க. எட்டு வருஷம் ராத்திரி ராத்திரி நின்ன உழைப்பு, அடிப்படைச் சம்பளத்துல பத்து ரூபாயா உறையல.

அது மட்டுமா? 1952-ஆம் வருஷத்து பி.எஃப். சட்டம், 1965 போனஸ் சட்டம், 1972 கிராஜுவிட்டி சட்டம், மூணுமே ஓவர்டைம் பணத்தைச் சம்பளம்ங்கிற இலக்கணத்துக்கு வெளியே நிறுத்தி வச்சுத்தான் எழுதப்பட்டது. ஓவர்டைமை நம்பி முப்பது வருஷம் நின்னவர் ரிடையர் ஆகும்போது கிராஜுவிட்டிக் கணக்குல அந்த மணி ஒண்ணுகூட இல்லை. முதலாளிக்கு இது தெரியும். புது ஆள் எடுத்தா பி.எஃப்., போனஸ், கிராஜுவிட்டி எல்லாம் இருக்கு. இருக்கிற ஆளையே நிறுத்தி வச்சா இரட்டிப்பு கொடுத்தும் சில சமயம் லாபம்தான். அதனாலதான் சட்டம் இரட்டிப்போட நிக்காம, மூணு மாசத்துக்கு 50 மணி, சில விதிவிலக்குல 75 மணின்னு உச்சவரம்பும் வச்சுது. அமெரிக்காவுல வேற மாதிரி. அங்கே 1938 சட்டம் பெரியவங்க வாரத்துக்கு எத்தனை மணி வேணும்னாலும் வேலை செய்யட்டும்னு விட்டுட்டு, கோட்டுக்கு மேல ஒண்ணரை மடங்கு கொடுன்னு மட்டும் சொல்லிச்சு. அந்தக் கோடு 1940-லிருந்து 40 மணி. அங்கே விலைதான் வேலி. நம்ம ஊர்ல விலையும் வேணும், வேலியும் வேணும்னு வச்சாங்க. என்னைக் கேட்டா நம்ம ஏற்பாடுதான் உசத்தி. விலை மட்டும் இருந்தா, அவசரக்காரன் கொடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பான்.

ஒரு பழைய சிரிப்பு உண்டு. “உங்க பையன் எவ்வளவு உயரம்?”னு கேட்டா, அப்பா கையை மேலே தூக்கிக் காட்டாம, ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிச்சுக் காட்டினாராம். அவர் பிள்ளையைப் பார்த்ததெல்லாம் பாயில படுத்திருக்கும்போதுதான்! (பலத்த சிரிப்பு) இங்கே நீங்க சிரிச்சீங்க. அந்த மூணாவது வரிசையில ஒரு அம்மா சிரிக்கல, நான் பார்த்தேன்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

ஐயா, முடிச்சிடுறேன். உங்களுக்குப் பத்து நிமிஷக் கோடு. அதைத் தாண்டி நான் பேசினா எனக்கு இரட்டிப்பும் கிடையாது, ஒத்தையும் கிடையாது. (சிரிப்பு)

நடுவர்: எங்களுக்குக் கேட்கிற கூலியும் கிடையாதும்மா, சொல்லுங்க. (கைதட்டல்)

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் நாளுக்கு 8 மணி என்று எழுதியிருக்கு. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு இருக்கு, நாள் கணக்கு வாரக் கணக்கு ரெண்டுல எது தொழிலாளிக்குச் சாதகமோ அதையே எடுக்கணும்னு இருக்கு, தொழிலாளி சம்மதிச்சாத்தான் ஓவர்டைம்னும் இருக்கு. ஆனா எத்தனை மணிக்கு மேல ஓவர்டைம், மொத்தம் எத்தனை மணி வரைக்கும் ஓவர்டைம் வாங்கலாம் என்பதையெல்லாம் அரசாங்கம் எழுதுற விதிக்கு விட்டிருக்காங்க. கோடு இனிமே பென்சில்ல. அதனால வீட்டுல இருக்கிற தாய்மார்கள் சம்பளச் சீட்டை ஒருதரம் வாங்கிப் பாருங்க. மொத்தத் தொகையை மட்டும் பார்க்காம, ஓவர்டைம் மணி எத்தனை, மணிக்கு எவ்வளவு போட்டிருக்குன்னு பாருங்க.

அடுத்துப் பேச வர்ற எதிரணி அண்ணனுக்கு ஒரு கேள்வியை வச்சிட்டுப் போறேன். வரம்பே வேண்டாம்னு சொல்றீங்க, சரி. அப்போ 49-வது மணிக்கு 75 ரூபாய் இல்ல, 150 ரூபாய்னு எந்தப் பிரிவைக் காட்டிக் கேட்பீங்க? அதுக்குப் பதில் சொல்லிட்டு மேற்கொண்டு பேசுங்க அண்ணே.  (நீண்ட கைதட்டல்)