திறவாமல் அறிதல்

மன்னார்க் கடலின் முத்துப் பார்களை உலகம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. 1905ஆம் ஆண்டில் மறிச்சுக்கட்டிக் கரையில் பெருஞ் சலாபம் ஒன்று நடைபெற்றது. குளிகாரர் மூச்சடக்கி மூழ்கி எடுத்த சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்பட்டன. வாங்கியவருக்கு வாய்த்தது முத்தா, வெறுஞ் சதையா என்பது சிப்பியைத் திறந்த பின்னரே தெரிந்தது. திறந்த சிப்பியோ உயிர் பிழைப்பதில்லை. எக்ஸ் கதிரைச் செலுத்தினால் சிப்பியைத் திறவாமலே உள்ளிருக்கும் முத்தைக் காணலாம் என்று பிரெஞ்சு அறிஞர் ரஃபேல் துபுவா அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துரைத்தார்.

திறவாமல் அறிய வேண்டும் என்னும் அந்த அவா மருத்துவத்திலும் உண்டு. ஈரலில் தோன்றும் புற்றுக் கட்டி எத்தகையது என்பதை ஊசியும் கத்தியும் இன்றி மதிப்பிட இன்று ஒரு முறை கைகொடுக்கின்றது. அதற்குப் பரவல் எம்.ஆர்.ஐ. என்று பெயர்.

எல்லாப் புற்றுக் கட்டிகளும் ஒரே மூர்க்கம் உடையன அல்ல. 1954ஆம் ஆண்டில் எட்மண்ட்சன், ஸ்டைனர் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், ஈரற் புற்றை நான்கு தரங்களாக வகுத்தனர். முதல் தரத்தில் கட்டியின் கலங்கள் நல்ல ஈரற் கலங்களைப் பெரிதும் ஒத்திருக்கும். நான்காம் தரத்தில் அவை தம் உருவையும் ஒழுங்கையும் அறவே இழந்திருக்கும். தரம் கூடக்கூடக் கட்டி குருதிக் குழாய்களுக்குள் நுழைவதும், வெட்டி அகற்றிய பின்னர் மீண்டும் முளைப்பதும் மிகுதியாகும். எனவே, சத்திர சிகிச்சையைத் திட்டமிடும் வைத்தியருக்குத் தரம் முன்கூட்டியே தெரிவது பெரும் பயன் தரும்.

தரத்தை அறியும் பழைய வழி, ஊசியால் கட்டியின் சிறு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பதாகும். ஆயின் நோயுற்ற ஈரல் உள்ளவருக்குக் குருதி எளிதில் உறைவதில்லை. ஊசி பட்ட இடத்தில் குருதி பெருகக்கூடும். அரிதாக, ஊசி சென்ற வழியிலே புற்றுக் கலங்கள் விதைபடுவதும் உண்டு. மேலும், ஒரு கட்டியிலேயே இரண்டு மூன்று தரங்கள் கலந்திருக்கலாம். ஊசியில் வருவதோ ஒரு மூலையின் செய்தி மட்டுமே.

பரவல் எம்.ஆர்.ஐ. கேட்கும் கேள்வி எளியது: கட்டிக்குள் நீர் எவ்வளவு தூரம் நடக்கின்றது? நீரின் மூலக்கூறுகள் ஒரு கணமும் ஓய்வதில்லை. 1827இல் ராபர்ட் பிரவுண் நுணுக்குக்காட்டியிற் கண்ட இவ்வகை அசைவின் கணக்கை, மறிச்சுக்கட்டியில் சலாபம் நடந்த அதே 1905ஆம் ஆண்டில், ஐன்ஸ்டைன் விளக்கினார். உடலின் வெப்பநிலையிலுள்ள தூய நீரில், ஒரு மூலக்கூறு ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துள் ஒரு திசையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 17 பங்கு தூரம் நகரும். ஈரற் கலத்தின் அகலம் ஆயிரத்தில் 20 முதல் 30 பங்கு. ஆகவே, கலங்களின் சுவர்களில் முட்டித் தடைப்படும் நீரே அங்குள்ள நெருக்கத்துக்குச் சாட்சியாகின்றது.

ஆவணி விழாக் காலத்தில் மடுத் தேவாலய வளவினுள் நடந்தவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வெறும் வளவில் பத்து நிமிடத்தில் கடக்கும் தூரத்தைச் சனத்திரளினிடையே அரை மணியிலும் கடக்க இயலாது. நடப்பவரின் வேகத்தைக் கொண்டே கூட்டத்தின் அடர்த்தியைக் கணிக்கலாம். மூர்க்கமான கட்டியில் கலங்கள் நெருங்கிப் பெருகுவதால் நீரின் நடை குறுகுகின்றது.

இதை அளப்பது எவ்வாறு? வலிய காந்தத்தினுள் நோயாளி படுத்திருக்கும்போது, ஒரு காந்தத் துடிப்பு ஒவ்வொரு நீர் மூலக்கூறுக்கும் அது நிற்கும் இடத்தை அடையாளமிடும். சிறிது பொழுதில் இன்னொரு துடிப்பு அவ்வடையாளத்தை அழிக்கும். நின்ற இடத்திலேயே நின்ற நீரில் அடையாளம் முற்றாக அழியும். அதன் குறிப்பொலி வலுவாகத் திரும்பும். நகர்ந்துவிட்ட நீரின் ஒலி மங்கும். 1965இல் ஸ்டெஜ்ஸ்கல், டானர் ஆகிய இருவரும் வகுத்த இம்முறையை, 1980களின் நடுப்பகுதியில் பிரெஞ்சு மருத்துவர் டெனி ல பியான் மனித உடலின் படமாக்கினார். படத்திலிருந்து ஓர் எண் கணிக்கப்படுகின்றது. அவ்வெண் குறைந்தால் நெருக்கம் மிகுதி. உயர் தரக் கட்டி என்ற ஐயமும் மிகுதி.

ஐயம் என்ற சொல்லே இங்குப் பொருத்தமானது. பல ஆய்வுகளில் உயர் தரக் கட்டிகளின் எண் தாழ்ந்து காணப்பட்டது மெய். எனினும் அடுத்தடுத்த தரங்களின் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. ஈரலில் படிந்த கொழுப்பும் இரும்பும் எண்ணை மாற்றும். இயந்திரத்துக்கு இயந்திரம் அது வேறுபடும். எனவே இப்படம் வைத்தியருக்குக் கிடைத்த ஒரு சாட்சியேயன்றித் தீர்ப்பன்று.

இச் சோதனைக்காகத் தாம்போதியைக் கடந்து தூரத்துப் பெரிய வைத்தியசாலைக்குச் செல்லும் மன்னார் நோயாளி இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். ஈரல் மூச்சோடு சேர்ந்து அசைவது. ஆகையால் சொல்லும்போது மூச்சை அடக்க வேண்டும். குளிகாரரின் மண்ணில் பிறந்தவருக்கு அது புதிதன்று. மற்றொன்று மிக முக்கியமானது. 2009இல் முடிந்த போரின் ஷெல் துண்டுகளை உடலில் இன்னமும் தாங்கி வாழ்வோர் வடக்கில் பலர். இரும்புத் துண்டைக் காந்தம் அசைத்துவிடக்கூடும். கண்ணருகே இருப்பின் பார்வையே போய்விடலாம். பழைய காயம் என்று மறைக்காமல், அறைக்குள் நுழையுமுன் சொல்லிவிட வேண்டும். இதயத்தில் கருவி பொருத்தியவருக்கும் இதுவே விதி.

நுட்பமான படத்தினும் மேலானது, கட்டி தோன்றாமற் காப்பதும் சிறிதாயிருக்கையிற் காண்பதும் ஆகும். ஈரலழற்சி பி நோய்க்கான தடுப்பூசி இலங்கைக் குழந்தைகளுக்கு 2003 முதல் தேசியத் திட்டத்தில் வழங்கப்பட்டு வருகின்றது. ஆயினும் இந்நாட்டின் ஈரற் புற்று நோயாளருட் பலரிடம் வைரசு காணப்படுவதில்லை. களனிப் பல்கலைக்கழக அறிஞர் ராகமையில் நடத்திய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையானோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு, மதுவால் அன்றியே ஈரலிற் கொழுப்புப் படிந்திருந்தது. நீரிழிவும் உடற்பருமனும் அதன் தோழர்கள். மது தனியே ஈரலை வடுப்படுத்தும்.

ஈரல் வடுப்பட்டு இறுகியவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சாதாரண ஒலிப் படம் எடுத்துக்கொள்வது மருத்துவ உலகின் அறிவுரை. வலி இல்லையே என்று வீட்டிலிருந்தால் கட்டி காத்திராது. ஈரல் வாய்விட்டு அழும் உறுப்பன்று. அதற்குள் இருப்பதைத் திறவாமல் அறியும் வழியை அறிவியல் தந்துள்ளது. உரிய நாளில் வாசலுக்குப் போய்ச் சேர்வது மனிதரின் பொறுப்பு.